விதை வந்தது, முறை தங்கவில்லை

(காஞ்சிபுரம் மாவட்டத்து மண்ணூரில் உழவர்களும் வேளாண் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கம்பெனி பஸ்கள் ஷிப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற நேரத்தில் நெல்லைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நல்ல நேரம்தான். நான் சொல்லப்போகிற கதையில் அந்த பஸ்ஸுக்கும் பங்கு உண்டு.

கேள்வி இது. வேளாண் துறை ஒரு நல்ல சாகுபடி முறையைக் கொண்டுவருகிறது. செயல்விளக்கத் திடல் போடுகிறார்கள். விளைச்சல் கூடுவதைக் கண்ணால் பார்க்கிறோம். நாலு பேர் செய்து பார்க்கிறார்கள். இரண்டு மூன்று போகம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த நாலு பேரும் பழைய நடவுக்கே திரும்பியிருக்கிறார்கள். ஏன்?

அலுவலகத்தில் கேட்டால் ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்பார்கள். டீக்கடையில் கேட்டால் ‘அதெல்லாம் பேப்பரில் நன்றாக இருக்கும்’ என்பார்கள். ஒரு பதில் உழவரைக் குறைத்து மதிப்பிடுகிறது, மற்றது விஞ்ஞானியை. என் கட்சி வேறு. ஒரு முறையை எடுத்துக்கொள்வதா விடுவதா என்பதை உழவரின் அறிவோ மனமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. நடவுக்கு ஆள், மதகில் தண்ணீர், நிலத்தின் மேல் பிடி ஆகிய மூன்றும் அவர் கையில் எவ்வளவு இருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. இதை ஒரு முறையை வைத்தே பார்ப்போம். நம் எல்லோருக்கும் தெரிந்த ஒற்றை நாற்று நடவு.

இதன் இன்றைய வடிவம் பிறந்த இடம் மடகாஸ்கர் தீவு. அங்கே உழவர்களோடு வேலை செய்த பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே, 1983-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த முறையை ஒன்றுசேர்த்தார். இளம் நாற்று, குத்துக்கு ஒன்று, அகன்ற இடைவெளி, வயலில் தண்ணீர் தேங்கவிடாமை, களையை மண்ணுக்குள் அமுக்கும் உருளைக் கருவி, தொழு உரம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் நார்மன் அப்ஹாஃப் இதை உலகமெங்கும் எடுத்துச் சென்றார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ம் ஆண்டில் சோதனைகளைத் தொடங்கியது. ஆனால் ஒற்றை நாற்று நமக்கு முழுக்கப் புதியதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தஞ்சைப் பகுதியில் அதைப் பரப்பும் முயற்சி நடந்திருக்கிறது.

2003-04-ல் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 உழவர்களின் வயல்களில் புதிய முறையையும் பழைய முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல்கலைக்கழகம் சோதித்தது. சராசரியாக ஹெக்டேருக்கு ஒன்றரை டன் அளவுக்குக் கூடுதல் விளைந்தது. நம் கணக்கில் ஏக்கருக்கு 600 கிலோ, அதாவது 75 கிலோ மூட்டையில் எட்டு மூட்டை. ஏக்கருக்கு விதை மூன்று கிலோ போதும். நாற்றங்காலுக்கு ஒரு சென்ட் இடம் போதும். உலக வங்கி உதவியோடு 2007-ல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டத்தில் இது முக்கிய இடம் பெற்றது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டான 2010-ல் ‘இராஜராஜன் 1000’ என்று இதற்குப் பெயரும் வைத்தார்கள். திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி என்ற பெயர்களும் உண்டு. பெயருக்குப் பஞ்சமில்லை, மானியத்துக்கும் குறைவில்லை. நடவுக்குக் கோடு போடும் மார்க்கரும், களையை அமுக்கும் அந்த உருளைக் கருவியான கோனோ வீடரும் கொடுத்தார்கள். இன்று அந்தக் கோனோ வீடர்கள் எங்கே இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். பல வீடுகளில் மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கின்றன.

சரி, உழவர் புதியது எதையும் தொடமாட்டாரா? அப்படிச் சொல்ல வரலாறு இடம் தராது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏடிடீ 27, தஞ்சைக் குறுவையில் சில ஆண்டுகளுக்குள் பரவியது. 1966-ல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வந்தது. நமக்குப் பக்கத்தில் அன்றிருந்த வட ஆற்காடு மாவட்டத்தில், கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து 1970-களின் தொடக்கத்தில் ஆராய்ந்தபோது, புதிய ரகங்கள் எதிர்பார்த்த அளவுக்குப் பரவவில்லை, சிறு உழவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று கண்டார்கள். அதே ஊர்களுக்கு 1980-களின் தொடக்கத்தில் பீட்டர் ஹேசலும் சி. ராமசாமியும் தலைமை தாங்கிய குழு மறுபடி போனது. அதற்குள் சிறு உழவரும் பெரிய உழவருக்குச் சமமாகப் புதிய ரகங்களுக்கு மாறியிருந்தார். பத்தாண்டு தாமதித்தார், ஆனால் மாறினார்.

ஆந்திரத்தின் பாபட்லாவிலிருந்து வந்த பிபிடி 5204-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி சன்னமாக இருக்கிறது, வியாபாரி நல்ல விலை தருகிறார் என்ற செய்தியே அதைப் பரப்பப் போதுமானதாக இருந்தது. கதிர் அறுக்கும் வண்டியும் அப்படித்தான். அதற்காக எந்த ஊரிலும் விழிப்புணர்வு முகாம் நடந்ததாக எனக்கு நினைவில்லை. அறுவடை வந்தால் செயின் வண்டியா டயர் வண்டியா, மணிக்கு என்ன வாடகை என்பதுதான் பேச்சு.

ஆக, இதே உழவர் விதையை ஏற்றார், இயந்திரத்தை ஏற்றார், முறையை மட்டும் நிறுத்திவிட்டார். வித்தியாசம் எங்கே இருக்கிறது? விதைக்குள் அதன் நன்மை அடங்கியிருக்கிறது. பையைப் பிரித்து விதைத்தால் பாதிப் பலனாவது நிச்சயம் வரும். யாரையும் கேட்க வேண்டாம், முதலில் ஒரு மூலையில் பத்து சென்ட்டில் போட்டும் பார்க்கலாம். முறை அப்படி இல்லை. அதைச் செய்யப் பிறருடைய ஒத்துழைப்பு வேண்டும், அதுவும் குறித்த நாளில் வேண்டும்.

முதலில் ஆள்.

ஒற்றை நாற்றுக்கு 14 நாள் நாற்றைப் பறித்து உடனே நட வேண்டும். தாமதித்தால் நாற்று முற்றிவிடும். பழைய முறையில் 25 நாள் நாற்று 30 நாள் ஆனாலும் உழவர் சமாளித்துவிடுவார். ‘நாளைக்கு வர்றோம்’ என்று நடவு ஆட்கள் சொன்னால் பொறுத்துக்கொள்ள முடியும். புதிய முறையில் அந்த நாலைந்து நாள் அவகாசம் கிடையாது. ஆள் தாராளமாகக் கிடைக்கும் ஊரில் இது சின்ன விஷயம். இந்தப் பக்கத்தில் அப்படியா? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காரை வெளியே விட ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான். அதற்கு முன்னும் பின்னும் கண்ணாடி, டயர், செல்போன், உதிரிபாகம் என்று எத்தனையோ. நடவுக்கு இறங்க வேண்டிய கைகள் காலை ஷிப்டுக்குப் போய்விட்டன. அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. மழைக்கும் வெயிலுக்கும் குனிந்து நின்ற தாயின் மகள் நிழலில் வேலை செய்து மாதச் சம்பளம் வாங்கினால் அது முன்னேற்றம்தான். ஆனால் அதன் விளைவை நடவு முறையைப் பற்றிப் பேசுகிறவர் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இப்போது நடவுக்கு வெளியூரிலிருந்து வேன் வைத்து ஆட்களைக் கூட்டி வருகிறோம். இந்த மாவட்டத்தில் மேற்கு வங்கத் தொழிலாளர்கள் நாற்று நடுவதையும் பார்க்கிறோம். பெரும்பாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். ஏக்கர் கணக்கில் கூலி வாங்குகிறவரிடம் கயிறு பிடி, கட்டம் பார், ஒவ்வொரு நாற்றாக மண்ணோடு எடுத்து நடு என்று சொன்னால் என்ன ஆகும்? அவருக்கு நேரம் போகும், அன்றைய வரும்படி குறையும். கூடக் கேட்பார், அல்லது பக்கத்து வயலுக்குப் போய்விடுவார். பழகிய கை பிறகு வேகமாக நடும் என்பது உண்மை. ஆனால் பழகுவதற்கு ஆகும் நாள்களின் நஷ்டத்தை யார் ஏற்பது? திட்டத்தில் உழவருக்கு மானியம் இருந்தது, நட வந்த பெண்களின் கூலியை யாரும் யோசிக்கவில்லை.

களையெடுப்பில் இன்னொரு சிக்கல். கையால் களை எடுத்தது பெண்கள். கோனோ வீடர் கனமான கருவி, அதைத் தள்ள ஆண்கள் வர வேண்டியிருந்தது. ஆண் கூலி அதிகம், ஆண் ஆள் அதைவிட அரிது. பெண்களுக்கோ இருந்த வேலையும் போயிற்று. கே. செந்தில்குமாரும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் வெளியிட்ட தமிழ்நாட்டு ஆய்வு இதைத்தான் சொன்னது. வயலில் விளைச்சல் கூடியது உண்மை, உழவர்கள் ஏற்கத் தயங்கியதும் உண்மை. தொழிலாளர்கள் வேலைமுறையை மாற்ற விரும்பாதது, ஆண் பெண் வேலைப் பங்கீடு மாறியது, தண்ணீரைச் சேமிப்பதால் உழவருக்குத் தனி லாபம் இல்லாதது ஆகியவை முக்கியக் காரணங்கள். இதை எழுதியவர்களில் இந்த முறையைத் தமிழ்நாட்டில் முன்னின்று சோதித்த பேராசிரியர் டி.எம். தியாகராஜனும் ஒருவர். தான் வளர்த்த முறையின் தடைகளைத் தானே எழுதிய நேர்மைக்கு நாம் கைதட்டலாம்.

பிறந்த மண்ணான மடகாஸ்கரிலேயே என்ன நடந்தது? கிறிஸ்டின் மோசரும் கிறிஸ்டபர் பாரெட்டும் 2003-ல் வெளியிட்ட ஆய்வு, முயன்று பார்த்தவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் கைவிட்டிருந்ததைக் காட்டியது. அங்கே இங்கே போல ஆளை இழுக்கும் தொழிற்சாலை நெருக்கம் இல்லை. தடை என்ன? நடவுக் காலம்தான் வீட்டில் தானியம் தீர்ந்துபோகும் காலமும். ஏழை உழவர் அன்றைய சோற்றுக்காகப் பிறர் வயலில் கூலிக்குப் போக வேண்டும். தன் வயலில் கூடுதல் நாள் உழைத்தால் நாலு மாதம் கழித்துக் கூடுதல் நெல் வரும் என்பது அவருக்கும் தெரியும். அதுவரை பிள்ளைகளுக்கு என்ன போடுவது? அங்கே பசி தடுத்தது, இங்கே ஷிப்ட் தடுக்கிறது. இரண்டு இடத்திலும் உழவர் கணக்குத் தெரிந்தவர்தான்.

அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். கூடுதலாகக் கிடைக்கும் 600 கிலோவுக்கு 2025-26-ன் மத்திய அரசு ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் வைத்தால் 14,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். இது சோதனை வயல்களின் சராசரிக் கணக்கு, கூடுதல் கூலியைக் கழிக்காத கணக்கு. இதற்காக நாலு மாதம் வரப்பிலேயே நிற்க வேண்டும். தொழிற்சாலைக்குப் போகும் மகன் இந்தத் தொகையை ஏறக்குறைய ஒரு மாதத்தில் கொண்டுவந்துவிடுகிறான். ஒரே ஏக்கர் வைத்திருப்பவர் நெல்லுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதை இந்த ஒப்பீடுதான் முடிவு செய்கிறது.

இரண்டாவது, தண்ணீர்.

‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்வார்கள். மண்ணில் மயிரிழை வெடிப்பு விட்ட பிறகு இரண்டரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டு, மறுபடி காயவிடு. வேருக்குக் காற்று கிடைக்கும், தூர் நிறைய வெடிக்கும், தண்ணீரும் மிச்சம். சொந்தக் கிணறும் மேட்டு வயலும் இருந்தால் செய்யலாம். ஆனால் நம் மாவட்டம் ஏரிகளின் மாவட்டம். 2019-ல் செங்கல்பட்டைப் பிரித்த பிறகும் பொதுப்பணித் துறைக் கணக்கில் காஞ்சிபுரத்துக்கு 381 ஏரிகள் நின்றன. ஏரிப் பாசனத்தில் மதகு எப்போது திறக்கும் என்பதை என் பயிர் முடிவு செய்யாது, ஊர் முடிவு செய்யும். பல இடங்களில் வயல் விட்டு வயல் பாய்கிறது. மேல் வயல்காரர் நிறையக் கட்டினால்தான் எனக்கு வரும், எனக்கு நிறைந்தால்தான் கீழே போகும். நடுவில் நான் மட்டும் காயப்போடுவது எப்படி? இது பத்து பேர் சேர்ந்து செய்ய வேண்டிய முறை. ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அனுப்பினால் அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்?

போகத்தையும் பாருங்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை மூன்றும் மூன்று விதம். சம்பாவில் நடவு முடிந்த கையோடு வடகிழக்குப் பருவமழை கொட்டும். ஏரிக்குக் கீழே தாழ்ந்த வயலில் விரல் நீள நாற்றை ஒற்றையாக நட்டால் ஒரு நாள் மழையில் முழுகிவிடும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிறைந்த கதையை நான் இங்கே சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நவரையில் இதே முறை அழகாக வரும். வானம் தெளிவாக இருக்கும், தண்ணீரை அளந்து கட்ட முடியும். ஆகவே ஒரே உழவர் நவரைக்கு ஒற்றை நாற்றும் சம்பாவுக்குப் பழைய நடவும் வைத்தால், அவர் முறையைக் கைவிட்டார் என்று பதிவேட்டில் எழுதிவிடாதீர்கள். அவர் வயலைப் படித்திருக்கிறார்.

தண்ணீர் மிச்சம் என்றால் உழவருக்கு என்ன கிடைக்கிறது என்ற கேள்வியும் உண்டு. பம்ப்செட் மின்சாரம் மூன்று பத்தாண்டுக்கு மேலாக இலவசம். அது சிறு உழவரைக் காத்தது, அதை எடுக்கச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் காயப்போட்டுக் கட்டினால் செலவு குறையாது, அலைச்சல்தான் கூடும். மிச்சமாகும் தண்ணீரின் பலன் நிலத்தடிக்கும் பக்கத்து ஊருக்கும் போகிறது. ஊர் முழுக்கப் பலன் பெறும் வேலைக்கு ஒருவரின் முதுகை மட்டும் கேட்கிறோம்.

மூன்றாவது, நிலத்தின் மேல் பிடி.

நிலத்தைச் சமப்படுத்துவது, ஏரி வண்டல் அடிப்பது, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது எல்லாம் இந்த முறைக்கு அடித்தளம். இவற்றின் பலன் ஒரே போகத்தில் முழுதாக வராது, மூன்று நான்கு வருடம் பிடிக்கும். இங்கே எத்தனை பேருக்கு அந்த மூன்று நான்கு வருட உறுதி இருக்கிறது? பக்கத்து வயலில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். சிப்காட் தொழிற்பேட்டை அடுத்து எந்தப் பக்கம் விரியும் என்று தெரியாது. 2022-ல் பரந்தூர் விமான நிலைய அறிவிப்பு வந்ததிலிருந்து நிலம் பறிபோகும் என்று ஏகனாபுரத்து மக்கள் போராடிய செய்தி எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வயலுக்கு வண்டல் அடிப்பாரா, அடங்கலையும் பட்டாவையும் தூக்கிக்கொண்டு ஓடுவாரா?

குத்தகைதாரர் நிலை இன்னும் மோசம். நில உரிமையாளர் சென்னையில் இருப்பார், அல்லது விலை ஏறட்டும் என்று வாங்கிப் போட்டிருப்பார். எழுத்தில் குத்தகை கொடுக்கமாட்டார், குத்தகைதாரர் சட்டப்படி உரிமை கேட்டுவிடுவாரோ என்ற பயம். 1955-ன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உழுகிறவரைக் காக்க வந்தவை. ஆனால் உரிமையாளரின் அந்தப் பயத்தினாலேயே குத்தகை வாய்ப்பேச்சில் நிற்கிறது. அடங்கலில் பெயர் இல்லாதவருக்குப் பயிர்க்கடனும் மானியமும் காப்பீடும் எட்டுவது கடினம். வயலில் இறங்குபவர் ஒருவர், திட்டப் பட்டியலில் இருப்பவர் வேறொருவர். அடுத்த வருடம் இந்த நிலம் நமக்கா என்று தெரியாதவர் களைக்கொல்லி அடித்து, சீக்கிரம் விளையும் ரகம் போட்டு, கிடைத்ததை அறுத்துக்கொண்டு போவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையே செய்வேன்.

இவ்வளவையும் கேட்டால் இந்த முறை தோற்றுவிட்டது என்று தோன்றும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கே. பழனிசாமியும் உடன் ஆய்வாளர்களும் இந்தியாவின் 13 மாநிலங்களில் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்த முறையைப் பின்பற்றுகிறோம் என்றவர்களில் எல்லாக் கூறுகளையும் செய்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். மற்றவர்கள் ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுத்துக்கொண்டவர்கள். முழுதாகச் செய்தவர்களுக்கு அதிக விளைச்சல் கிடைத்தது. பகுதியாகச் செய்தவர்களுக்கும் பழைய முறையைவிடக் கூடுதலாகவே கிடைத்தது. சமையல் தெரிந்தவர் குறிப்பைப் பார்த்து அப்படியே செய்வதில்லை, வீட்டில் இருப்பதற்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறார். உழவரும் அப்படித்தான். ‘முழுதாகச் செய்தால் செம்மை, இல்லாவிட்டால் கைவிட்டவர்’ என்று இரண்டே கட்டம் போட்டால் இந்தப் பெரிய கூட்டம் கணக்கில் விழாது.

இன்னொரு வேடிக்கையும் நடந்திருக்கிறது. இளம் நாற்றை நடுங்கள் என்று அதிகாரிகள் வருடக்கணக்கில் சொன்னார்கள், அதிகம் பேர் கேட்கவில்லை. பிறகு ஆள் தட்டுப்பாட்டால் நடவு இயந்திரம் வந்தது. அதற்குப் பாய் நாற்றங்கால் வேண்டும், 15 நாளை ஒட்டிய நாற்று வேண்டும், வரிசை வேண்டும். போதனையால் செய்ய முடியாததை ஆள் பற்றாக்குறை செய்துவிட்டது. இளம் நாற்றும் வரிசை நடவும் வேறு வாசல் வழியாக வயலுக்குள் வந்துவிட்டன. எனவே உழவர் மறுத்தது அறிவியலை இல்லை. அவரால் கொடுக்க முடியாத விலையை அவர் மறுத்தார்.

அப்படியானால் என்ன செய்யலாம்? நாலு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, மானியத்தைக் கருவிக்கு மட்டும் கொடுக்காமல் வேலைக்குக் கொடுங்கள். ஒவ்வொரு குறுவட்டத்திலும் பாய் நாற்று வளர்த்து, இயந்திரத்தோடு வந்து, சொன்ன நாளில் நட்டுக் கொடுக்கும் குழு இருக்கட்டும். அதில் பெண்கள் இயந்திரம் ஓட்டட்டும். நடவும் களையெடுப்பும் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டு, காய்ச்சலும் பாய்ச்சலும் தனி உழவருக்கான பாடமாக இருப்பதை நிறுத்துங்கள். அதை ஒரு மதகுக்குக் கீழே உள்ள எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். வாய்க்கால் சரியாக இருந்து, முறை வைத்துத் தண்ணீர் விட்டால்தான் அது நடக்கும். முதலில் மதகின் பலகையைச் சரிசெய்துவிட்டு முகாமைப் பிறகு வைக்கலாம்.

மூன்று, உழுகிறவர் பெயர் பதிவேட்டில் வரட்டும். உரிமையாளரின் பட்டாவுக்கு ஆபத்தில்லாமல், இந்தப் போகத்தில் பயிர் செய்தவர் இவர் என்று சான்று கொடுத்தாலே போதும். கடனும் காப்பீடும் அவரைத் தேடி வரும்.

நான்கு, கைவிட்டவர்களிடம் போய்க் கேளுங்கள். நம் துறையில் ஒரு பழக்கம் இருக்கிறது. நூறு மூட்டை எடுத்தவரை மேடையில் ஏற்றிப் பேசவைப்போம், இரண்டு போகம் செய்து விட்டவர் வீட்டுத் திண்ணைக்குப் போகமாட்டோம். அடுத்த திட்டத்துக்கு வேண்டிய பாடம் அந்தத் திண்ணையில்தான் இருக்கிறது. வேளாண்மை படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். இந்த மண்ணூரிலேயே தொடங்குங்கள். ஒற்றை நாற்று நட்டுப் பார்த்து விட்டவர் யார் என்று விசாரியுங்கள். எந்த நாளில் ஆள் வரவில்லை, எந்த வாரம் தண்ணீர் வரவில்லை, நிலம் யாருடையது என்ற மூன்று கேள்வியைக் கேளுங்கள். விழிப்புணர்வு இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு அது உங்களைவிட அதிகமாகவே இருக்கும்.

இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கிறேன். முதல் கேள்வி, செய்து பார்த்து விட்டவர் ஒருவரிடமிருந்து வரட்டும்.